நோய்க்குள் இருக்கும் நோய்

புற்றுநோய் என்று கேள்வியுற்றதும் நம் மக்கள் கேட்கும் முதற்கேள்வி, "எத்தனையாவது ஸ்டேஜ்?" என்பதே. நோயாளியின் அறைக்கு வெளியே, தாழ்ந்த குரலில், உறவினரிடம் கேட்கப்படும் கேள்வி அது. விடை கிடைத்ததும் கேட்டவர் மனத்துக்குள் ஒரு கணக்குப் போட்டுக்கொள்கிறார். முதல் நிலை என்றால் பிழைப்பார். நான்காம் நிலை என்றால் பிழைக்கமாட்டார். கணக்கு அத்துடன் முடிந்துவிடுகிறது.

குருமடத்தில் நான் பயின்றவை மெய்யியலும் இறையியலும், மருத்துவம் அன்று. ஆயினும் நோயுற்றோரைச் சந்திப்பது அன்றாடக் கடமையாகிவிட்ட ஒருவன், மருத்துவமனைத் தாழ்வாரங்களில் காத்திருக்கும் நேரங்களில் சிலவற்றைக் கற்றுக்கொள்ளவே செய்கிறான். பொறுமைமிக்க மருத்துவர் சிலர் எனக்கு உணர்த்தியது யாதெனில், நிணநீர்ப் புற்றுநோயைப் பொறுத்தமட்டில் மேற்சொன்ன கணக்கு அரைக்கணக்கே என்பதாகும். கட்டி எவ்வளவு பரவியிருக்கிறது என்பது ஒரு பாதி. அவ்வுடலில் எந்த வைரஸ் முன்னரே குடியிருக்கிறது, சிகிச்சைக் காலத்தில் எந்த வைரஸ் புதிதாக உள்ளே நுழைகிறது என்பது மறுபாதி. நோயாளி பிழைப்பதும் பிழையாமற் போவதும் சில வேளைகளில் அந்த மறுபாதியைப் பொறுத்தே அமைகின்றன.

காலில் முள் தைத்துச் சீழ் பிடித்தால், தொடையிடுக்கில் நெறி கட்டியிருக்கிறது என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். அந்த நெறிதான் நிணநீர்க் கணு. கழுத்து, அக்குள், மார்பு, வயிறு, தொடையிடுக்கு என உடலெங்கும் நூற்றுக்கணக்கான கணுக்கள் உண்டு. நிணநீர் அணுக்கள் எனப்படும் வெள்ளை அணுக்கள் அவற்றில் தங்கியிருந்து நோய்க்கிருமிகளுக்கு எதிராகக் காவல் காக்கின்றன. அக்காவலருள் ஒரு வகை கட்டுக்கடங்காமல் பெருகத் தொடங்குவதே லிம்போமா என்னும் நிணநீர்ப் புற்றுநோய். வேலியே பயிரை மேய்ந்த கதை இது. நோயுற்றிருப்பது காவற்படை, அந்நோயைத் தீர்க்க வரும் மருந்து அழிப்பதும் அதே காவற்படையைத்தான். நோயும் மருந்துமாகச் சேர்ந்து காவலை நீக்கிவிடும் அம்மாதங்களே, நச்சுயிரி என்று நம் நூல்கள் குறிப்பிடும் வைரசுக்கு ஏற்ற காலம்.

வைரசுக்கும் இந்நோய்க்கும் உள்ள உறவு முதலில் புலப்பட்டது ஆப்பிரிக்காவில். உகாண்டா நாட்டின் கம்பாலா நகரிலுள்ள முலாகோ மருத்துவமனையில் அறுவை மருத்துவராய்ப் பணியாற்றிய டெனிஸ் பர்க்கிட், 1957-ஆம் ஆண்டில், தாடையின் நான்கு பக்கமும் வீங்கியிருந்த ஒரு சிறுவனைக் கண்டார். அத்தகைய கட்டி வேறு பல சிறாரிடமும் இருப்பதைக் கவனித்து 1958-இல் அதுபற்றி எழுதினார். 1961 மார்ச் மாதம் இலண்டனில் அவர் ஆற்றிய உரையைக் கேட்டோருள் ஆன்டனி எப்ஸ்டைன் என்ற ஆய்வாளர் ஒருவர். அதே ஆண்டின் பிற்பகுதியில் பர்க்கிட் நண்பர் இருவருடன் பழைய மோட்டார் வண்டி ஒன்றில் 10,000 மைல் பயணம் செய்தார். வழியிலிருந்த மருத்துவமனைகளில் எல்லாம் விசாரித்து, வெப்பமும் மழையும் மிகுந்த பகுதிகளிலேயே அக்கட்டி காணப்படுகிறது என்பதை உறுதி செய்தார். கட்டியின் துண்டுகள் விமானம் ஏறி இலண்டன் சென்றன. எப்ஸ்டைனும் அவருடைய உடன்பணியாளர்களான பெர்ட் அச்சோங், இவான் பார் ஆகியோரும் அவற்றை வளர்த்து, எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் ஆராய்ந்து, அதுவரை அறியப்படாத ஒரு வைரசைக் கண்டதாக 1964-இல் அறிவித்தனர். மனிதப் புற்றுநோயுடன் தொடர்புபடுத்தப்பட்ட முதல் வைரஸ் அதுவே. எப்ஸ்டைன்-பார் என்று இருவர் பெயரால் அது இன்று வழங்குகிறது.

ஆனால் உலகில் வயதுவந்தோருள் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் இந்த வைரசைத் தம் உடலில் சுமந்து வாழ்கிறார்கள். அவர்களுள் மிகப் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் வருவதில்லை. முதற்காரணம், துணைக்காரணம் என்று காரணங்களைப் பிரித்தறியக் குருமடத்து மெய்யியல் வகுப்பில் எங்களைப் பழக்கினார்கள். அப்பயிற்சி இங்கே எனக்குப் பயன்பட்டது. வைரஸ் தனித்து நின்று இந்நோயை உண்டாக்குவதில்லை. ஆப்பிரிக்கச் சிறாரிடம், திரும்பத் திரும்ப வந்த மலேரியாக் காய்ச்சல் காவலைத் தளர்த்தியபோது வைரசின் கை ஓங்கியது. ஆகவே ஒருவருக்கு வைரஸ் இருக்கிறதா என்று கேட்பதுடன், அதைக் கட்டுக்குள் வைத்திருக்கும் காவல் எந்நிலையில் இருக்கிறது என்றும் கேட்டாக வேண்டும்.

சில வைரஸ்கள் உடலை விட்டுப் போவதே இல்லை, உறங்குகின்றன. இதை நம் ஊர் மக்கள் தம்மை அறியாமலே அறிந்திருக்கிறார்கள். சிறுவயதில் சின்னம்மை கண்டவருக்கு, முதுமையில் விலாப்பக்கமாக எரிச்சலுடன் கொப்புளங்கள் அணிவகுத்தால் அதை அக்கி என்கிறோம். சிற்றூர்களில் இன்றும் குயவரிடம் சென்று காவி மண்ணால் அக்கி எழுதிக்கொள்வோர் உண்டு. அக்கி புதிதாக வந்த நோய் அன்று. நாற்பது, ஐம்பது ஆண்டுகளுக்கு முன் வந்த சின்னம்மையின் வைரஸ் நரம்பின் வேர்களில் ஒதுங்கிக் கிடந்து, உடலின் எதிர்ப்பாற்றல் குறைந்த நாளில் மீண்டும் எழுவதே அக்கி. நிணநீர்ப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுவோருக்கு அது எளிதில் வருவதும் இக்காரணத்தினாலேயே.

அக்கி துன்பம் தருவது. அதைக் காட்டிலும் பேரிடர் விளைவிப்பது கல்லீரலில் உறங்கும் ஹெப்படைடிஸ் பி. அதை நம் மக்கள் 'பி காமாலை' என்பர். இந்த வைரசைக் கண்டறிந்தமைக்காக பாரூக் பிளம்பர்க் 1976-ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றார். உலக நலவாழ்வு நிறுவனத்தின் 2024-ஆம் ஆண்டு அறிக்கைப்படி, இந்தியாவில் இத்தொற்றுடன் வாழ்வோர் 2022-இல் ஏறத்தாழ 2 கோடியே 98 லட்சம் பேர். குழந்தைகளுக்கான தடுப்பூசித் திட்டத்தில் இதற்குரிய ஊசி நாடு முழுமைக்கும் சென்று சேர்ந்தது 2011-இல்தான். ஆகவே இன்று நடுவயதில் இருப்போருள் பலர் ஊசி போடப்படாதவர்கள். தம் உடலில் வைரஸ் இருப்பதையே அறியாதவர்கள். தொற்று முற்றிலும் நீங்கிவிட்டது என்று சொல்லப்பட்டவரிடமும், கல்லீரல் அணுவின் உட்கருவுக்குள் அதன் வித்து தங்கிவிடுகிறது. காவலர் விழித்திருக்கும்வரை அதனால் தீங்கில்லை.

நிணநீர்ப் புற்றுநோய்களுள் பெரும்பாலானவை பி வகை நிணநீர் அணுக்களில் தோன்றுபவை. அவற்றை அழிக்கும் ரிட்டுக்ஸிமாப் என்ற மருந்துக்கு 1997-இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. அது ஒரு நல்வரவு என்பதில் ஐயமில்லை. அறுபது வயதைக் கடந்த 399 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2002-இல் வெளியான ஆய்வில், வழக்கமான மருந்துகளை மட்டும் பெற்றோருள் ஈராண்டுக்குப் பின் உயிருடன் இருந்தவர்கள் நூற்றுக்கு 57 பேர்; ரிட்டுக்ஸிமாபும் சேர்த்துப் பெற்றோருள் 70 பேர். ஆனால் இம்மருந்து நோயுற்ற பி அணுக்களுடன் நலமான பி அணுக்களையும் துடைத்துவிடுகிறது. அதனுடன் கொடுக்கப்படும் ஸ்டீராய்டு மாத்திரையும் எதிர்ப்பாற்றலைத் தணிக்கிறது. உறங்கிக்கொண்டிருந்த பி வைரஸ் ஓசையின்றிப் பெருகுகிறது. அந்நேரத்தில் நோயாளிக்குப் பெரும்பாலும் எதுவும் தெரிவதில்லை. சிகிச்சை முடிந்து காவலர் திரும்பி வரும்போதுதான், வைரஸ் நிறைந்த கல்லீரல் அணுக்களை அவர்கள் தாக்கி அழிக்கிறார்கள். அப்போது கண் மஞ்சளாகிறது. சிலருக்குக் கல்லீரலே செயலிழக்கிறது. சிகிச்சையின் நடுவிலேயே இது நேர்ந்தால் மருந்தை நிறுத்த வேண்டியிருக்கும். 21 நாட்களுக்கு ஒருமுறை என்று வகுத்த முறை குலையும்போது புற்றுநோயும் தலைதூக்குகிறது. இவ்வாறு இரு வழிகளிலும் இழப்பு. 2013-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம், இம்மருந்துடன் வரும் குறிப்பில் இவ்வாபத்தைக் கட்டமிட்ட எச்சரிக்கையாக அச்சிடச் செய்தது.

இவையெல்லாம் எனக்கு வெறும் செய்தியாக இருந்துவிடவில்லை. நான் முன்பு பணியாற்றிய பங்கு ஒன்றில் கொத்தனார் ஒருவர் இருந்தார். நாற்பதைக் கடந்தவர், எங்கள் பள்ளிக்கூடத்துச் சுற்றுச்சுவர் அவர் கட்டியது. இரத்ததான முகாம் ஒன்றில் இரத்தம் கொடுத்த சில நாட்களில், அவருக்கு பி காமாலைத் தொற்று இருப்பதாகக் கடிதம் வந்தது. தங்கையின் திருமணம் பேச்சிலிருந்த காலம் அது. செய்தி வெளியானால் சம்பந்தம் முறியும் என்று அஞ்சிக் கடிதத்தைக் கிழித்துப் போட்டார், மனைவியிடமும் கூறவில்லை. சில ஆண்டுகளுக்குப் பின் கழுத்தில் கட்டி தோன்றி, அது நிணநீர்ப் புற்றுநோய் என்று தெரிந்தது. அவர் மறைத்ததை இரத்தப் பரிசோதனை மருத்துவருக்குச் சொல்லிவிட்டது. மருத்துவர் அன்றே வைரசுக்குரிய மாத்திரையை எழுதிக் கொடுத்து, நிறுத்தக்கூடாது என்றும் சொன்னார். அவரோ வீட்டில் அதைச் சத்து மாத்திரை என்று கூறி வைத்தார்.

ஆறு தவணை மருந்தும் முடிந்தது. கட்டி கரைந்துவிட்டது என்று ஸ்கேன் கூறியது. நன்றித் திருப்பலி ஒப்புக்கொடுத்து, தெருவுக்கே சோறு போட்டார்கள். அடுத்த சில மாதங்களில் சத்து மாத்திரை வாங்குவது நின்றது. அவருடைய மனைவி பின்னர் என்னிடம், "கட்டிதான் போயிருச்சே சாமி, இனிச் சத்து மாத்திரைக்கு எதுக்குக் காசுன்னு நானும் விட்டுட்டேன்" என்றார். கண் மஞ்சளானபோது, சாதாரணக் காமாலை என்று எண்ணி மூன்று வாரம் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள். அதன்பின் அரசு மருத்துவமனைக்குக் கொண்டு சென்றார்கள். நோயிற்பூசுதல் அளிக்க நான் சென்றபோது அவருக்கு நினைவு தெளிவாக இல்லை. பதினோராம் நாள் இறந்தார். அவர் உடலில் புற்றுநோய் இல்லை.

கீழாநெல்லியை நான் இகழவில்லை. அதை ஆராய்ந்தவர்கள் நம்மவர்களே. சென்னை ஆய்வாளர் எஸ்.பி. தியாகராஜனும் உடன்பணியாளர்களும் 1988-இல் வெளியிட்ட ஆய்வில், அம்மூலிகையை உட்கொண்ட 37 பேரில் 22 பேரின் இரத்தத்திலிருந்து பி வைரசின் அடையாளம் மறைந்ததாகக் கூறினர். நோபல் பரிசு பெற்ற பிளம்பர்க்கும் அவ்வாய்வில் பங்குகொண்டவர். ஆயினும் பிற நாடுகளில் பின்னர் நடந்த சோதனைகளில் அப்பயன் கிட்டவில்லை. புற்றுநோய் மருந்தால் காவல் இழந்த உடலில் பெருகும் வைரசை அடக்க, நிறுவப்பட்ட மாத்திரைகள் இருக்கின்றன. அவற்றை விடுத்து மூன்று வாரம் காத்திருக்க அந்தக் கல்லீரலுக்கு அவகாசம் இல்லை.

ஏறத்தாழ அதே காலத்தில், வேறோர் ஊரில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரை நான் சந்தித்து வந்தேன். அதே வகைப் புற்றுநோய்; அதே மருந்து; அவருடைய இரத்தத்திலும் பி வைரஸ். அந்த அம்மையார் மாத்திரையின் பெயரை மருமகளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். சமையலறை நாட்காட்டியில் ஒவ்வொரு நாளும் மாத்திரை விழுங்கியபின் பென்சிலால் கோடு போடுவது பேரனின் வேலை. சிகிச்சை முடிந்த பின்னும் ஒன்றரை ஆண்டு அக்கோடுகள் தொடர்ந்தன. மருத்துவர் போதும் என்ற அன்றுதான் நின்றன. அவர் இன்றும் நலமாக இருக்கிறார்.

இருவரைக் கொண்டு விதி வகுக்கலாகாது என்பது உண்மையே. ஆனால் 2014-இல் சீன நாட்டிலிருந்து வெளியான ஆய்வு இதே திசையைக் காட்டுகிறது. பி வைரஸ் இருந்த 121 நிணநீர்ப் புற்றுநோயாளிகளுக்கு ரிட்டுக்ஸிமாப் சேர்ந்த சிகிச்சை அளித்து, அவர்களுள் 61 பேருக்கு என்டகாவிர் என்ற மாத்திரையும் 60 பேருக்கு லாமிவுடின் என்ற பழைய மாத்திரையும் கொடுத்தார்கள். வைரஸ் மீண்டெழுந்தது, பழைய மாத்திரை பெற்றோருள் நூற்றுக்கு 30 பேரிடம். என்டகாவிர் பெற்றோரிடம் நூற்றுக்கு 7 பேருக்கும் குறைவு. ஆகவே இன்றைய முறை தெளிவானது. சிகிச்சைக்கு முன் இரு இரத்தப் பரிசோதனைகள்: வைரசின் மேலுறைப் பொருள் இருக்கிறதா என்று ஒன்று, பழைய தொற்றின் சுவடு இருக்கிறதா என்று மற்றொன்று. தேவைப்படுவோருக்கு என்டகாவிர் அல்லது டெனோஃபோவிர், நாளொன்றுக்கு ஒருமுறை. ரிட்டுக்ஸிமாப் முடிந்தபின் குறைந்தது ஓராண்டு வரை.

நம்பிக்கையூட்டும் செய்திகளும் உண்டு. மண்ணீரலில் தோன்றும் ஒரு வகை நிணநீர்ப் புற்றுநோயுடன் ஹெப்படைடிஸ் சி தொற்றும் கொண்ட 9 பேருக்குப் பிரான்சில் வைரசுக்கான மருந்தாகிய இன்டர்ஃபெரானைக் கொடுத்தார்கள். இரத்தத்தில் வைரஸ் மறைந்தபோது, அவர்களுள் 7 பேரின் புற்றுநோய் முற்றிலும் அடங்கிவிட்டது. சி தொற்று இல்லாத 6 பேருக்கு அதே மருந்து எப்பயனும் தரவில்லை. 2002-இல் வெளியான இச்செய்தி, சில இடங்களில் வைரசை வென்றாலே புற்றுநோயும் பின்வாங்கும் என்று காட்டியது. இன்று சி வைரசைப் பெரும்பாலும் 12 வார மாத்திரைகளிலேயே ஒழித்துவிடலாம். 2018-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் பி, சி இரண்டுக்கும் பரிசோதனையும் மருந்தும் அரசு மருத்துவமனைகளில் இலவசம். எச்.ஐ.வி. தொற்றுடன் நிணநீர்ப் புற்றுநோயும் வந்தோர் ஒரு காலத்தில் சில மாதங்களே வாழ்ந்தார்கள். 1996-க்குப் பின் கூட்டு மருந்துகள் வந்து வைரசை அடக்கியதால், அவர்களுள் பலர் அத்தொற்று இல்லாத நோயாளிகளுக்கு இணையான பயனைப் பெறுகின்றனர். அம்மருந்தை 2004 ஏப்ரலில் அரசு இலவசமாக வழங்கத் தொடங்கியபோது, தாம்பரம் மருத்துவமனை அதன் முதல் நிலையங்களுள் ஒன்று.

உள்ளே உறங்கும் வைரஸ் மருத்துவரின் பொறுப்பு என்றால், வெளியிலிருந்து வரும் வைரஸ் நம் பொறுப்பு. கொரோனாக் காலத்தில், ரிட்டுக்ஸிமாப் பெற்ற நோயாளிகள் சிலரின் உடலில் அவ்வைரஸ் வாரக்கணக்கில், சிலரிடம் மாதக்கணக்கில் நீங்காமல் இருந்தது. தடுப்பூசி போட்டும் அவர்களுள் பலரிடம் எதிர்ப்பொருள் உருவாகவில்லை; அதை உருவாக்க வேண்டிய அணுக்களே அவர்களிடம் இல்லை. நமக்கு மூன்று நாள் மூக்கொழுகலாகப் போகும் சளி, அவர்களுக்கு நிமோனியாவாக முடியலாம். நோயுற்றவரைப் பார்க்காமல் இருப்பது நம் பண்பாட்டில் குறை. சாத்துக்குடிப் பையுடன், குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு, வேன் பிடித்துச் செல்கிறோம். அன்பு மெய்யானதே; ஆனால் அந்த வேனில் ஒருவருக்குக் காய்ச்சல் இருந்தால் நாம் எடுத்துச் செல்வது சாத்துக்குடி மட்டும் அன்று. எனக்குத் தொண்டை கரகரக்கும் நாட்களில் அத்தகைய இல்லங்களுக்கு நற்கருணையை வேறொருவரிடம் கொடுத்தனுப்புகிறேன். யாரும் வருத்தப்பட்டதில்லை.

எல்லாவற்றையும் எண்ணிப் பார்க்கையில், அந்தக் கொத்தனாரின் இறப்பில் மருத்துவ அறிவுக்குக் குறைவிருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. பரிசோதனை நடந்தது; மாத்திரை எழுதப்பட்டது. குறைந்துபோனது, அம்மாத்திரையின் உண்மைப் பெயரை அவர் தம் வீட்டில் சொல்வதற்கான துணிவு. அத்துணிவை அவரிடமிருந்து எடுத்தவர்கள் யார்? பி காமாலை உள்ளவர் என்றால் தனித்தட்டு வைப்பவர்கள், பெண் கொடுக்க மறுப்பவர்கள், காரணம் கூறாமல் வேலையிலிருந்து நிறுத்துபவர்கள். இந்த வைரஸ் இரத்தத்தாலும், உடலுறவாலும், பேறுகாலத்தில் தாயிடமிருந்து சேய்க்கும் பரவுவது. ஒரே தட்டில் உண்பதாலோ, கைகுலுக்குவதாலோ, அருகில் அமர்வதாலோ பரவுவதன்று. திருமணத்துக்கும் அது தடையன்று. துணைவருக்குத் தடுப்பூசி இருக்கிறது. இதை அறியாத ஊரில் நோயாளி மௌனமாகிறார். அவர் மௌனமாக இருக்கும் வீட்டில் மருந்துக்கும் பெயர் இல்லாமற் போகிறது.

ஆகவே எங்கள் பங்கில் இரத்ததான முகாம் நடக்கும் ஞாயிறுகளில், அறிவிப்புகளுடன் இதையும் சேர்த்துச் சொல்லி வருகிறேன்: கடிதம் வந்தால் கிழிக்காதீர்கள், யாரேனும் ஒருவரிடமாவது காட்டுங்கள், நாளை எந்த நோய்க்கு எந்த மருத்துவரிடம் சென்றாலும் அதை முதலில் சொல்லுங்கள். சென்ற முகாமுக்குப் பின் ஒரு மாலைப்பொழுதில், மடித்த கடிதத்துடன் ஓர் இளைஞர் அறைவீட்டுக்கு வந்தார். எந்த மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும் என்று கேட்டார். அவருடைய தாயும் உடன் வந்திருந்தார். கடிதத்தை முதலில் படித்தவர் அந்த அம்மாதானாம்.